தோற்பையில் பெயரெழுத்துப் பொறித்தல்: ஊரில் கண்ட இரண்டு விதம்

மூன்று வார விடுப்பில் ஊருக்குச் சென்றிருந்தபோது, அக்காவுக்கு வாங்கிய கைப்பையிலும் என் பழைய பணப்பையிலும் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்துக்கொண்டேன். கைப்பைக்கான வேலை, அதை வாங்கிய உயர்தரக் கடையிலேயே நடந்தது. பணப்பையை ஒரு தோல் பட்டறையில் கொடுத்தேன்.

கடையில் உபசரிப்புக்குக் குறைவில்லை. எந்த எழுத்துகள், எந்த நிறம், எந்த இடம் என்று கேட்டுக்கொண்டு பையை உள்ளே எடுத்துச் சென்றவர்கள், அரை மணி நேரத்தில் உறையிட்டுத் தந்தார்கள். வீட்டில் பிரித்துப் பார்த்தபோது மூன்றில் நடுவெழுத்து மட்டும் பாதி மங்கியிருந்தது. மறுநாள் கேட்டதற்கு, பெயர் பொறித்த பொருளை மாற்றித் தர இயலாது என்றார்கள். அந்த விதியில் நான் குறை காணவில்லை. நான் வாழும் ஜெர்மனியிலும், இணையவழி வாங்கிய பொருளை 14 நாள்களுக்குள் திருப்பித் தரும் உரிமை, வாங்குபவரின் விருப்பப்படி தனியாகச் செய்யப்பட்டவற்றுக்குக் கிடையாது. ஆனால் திருப்பவே முடியாத வேலை என்பதால்தான், கையை வைக்கும் முன்பே அந்தத் தோல் அதற்கு ஏற்றதா என்று அவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

காரணத்தைப் பட்டறையில் இருந்த பெரியவர்தான் விளக்கினார். குரோம் உப்பால் பதனிட்ட தோல் மென்மையாகவும் நெகிழ்வாகவும் இருப்பதால், அழுத்திய தடம் மெல்ல மேலெழுந்துவிடும். மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் துவர்ச்சாற்றில் பதனிட்ட தோல், வெப்பமும் அழுத்தமும் பட்ட வடிவத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். அக்காவின் பை முதல் வகை. போதாததற்கு மேற்பரப்பு முழுவதும் மேடும் பள்ளமுமான மணிமணியான தோல். அதில் மெல்லிய கோடுகளைக் கொண்ட சிறிய எழுத்து எப்படிச் சரியாக விழும்? "பெரிய, தடித்த எழுத்தாகக் கேட்டிருக்க வேண்டும் தம்பி" என்றார்.

என் பணப்பையை அவர் கையாண்ட விதத்தை நான் அருகில் நின்று பார்த்தேன். கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய பித்தளை எழுத்துகளைப் பிடியில் ஒவ்வொன்றாகக் கோத்து இறுக்கினார். 'எஸ்' என்ற ஆங்கில எழுத்தை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் மேல்வளைவு சிறிதாகவும் கீழ்வளைவு சற்றுப் பெரிதாகவும் இருக்கும், தலைகீழாகக் கோத்துவிட்டால் அழுத்தி முடிக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது என்றார். பிறகு, பிடி சூடேறியதும் அதே வகைத் தோலின் கழிவுத் துண்டில் இரண்டு முறை அழுத்திக் காட்டினார். முதல் முறை சூடு மிகுந்து ஓரம் கருகியது. சற்று ஆறவிட்டு அழுத்தியபோது தடம் கூர்மையாக விழுந்தது. அதை நான் பார்த்துச் சரியென்ற பிறகே பணப்பையைத் தொட்டார். அந்த இரண்டு சோதனைத் தடங்களைத்தான் நான் இந்தச் சேவையின் உயிராகக் கருதுகிறேன்.

பொன்னிறம் வேண்டுமா என்றும் கேட்டார். அதற்காக எழுத்துக்கும் தோலுக்கும் நடுவே வைத்து அழுத்தும் மினுக்குத் தாளில் இருப்பது பெரும்பாலும் தங்கம் அன்று. மஞ்சள் சாயம் ஏற்றிய மிக மெல்லிய அலுமினியப் படலம். அடிக்கடி கைபடும் இடத்தில் அது நாளடைவில் தேய்ந்துவிடும் என்பதால், நிறமில்லாமல் உட்புற மடிப்பில் பொறிக்கச் சொன்னேன்.

எழுத்துகளின் வரிசையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியது. எனக்கு அப்பா பெயரின் எழுத்து முன்னால் வருவதுதான் பழக்கம். கடவுச்சீட்டிலோ அதுவே குடும்பப் பெயராகப் பின்னால் நிற்கிறது. கடையில் கேட்ட வேகத்தில் அக்காவுக்குக் கடவுச்சீட்டு வரிசையைச் சொல்லிவிட்டேன். பட்டறையில் அந்தத் தவறைச் செய்யவில்லை: அப்பாவின் எழுத்து முதலில், என்னுடையது அடுத்து.

விடுப்பில் வருவோர் இந்த வேலையைக் கடைசி நாள்களுக்கு ஒத்திப்போட வேண்டாம். நான் முதல் வாரத்திலேயே கொடுத்திருந்ததால், அக்காவின் பையை அந்தப் பெரியவரிடம் கொண்டுசெல்ல நேரம் கிடைத்தது. விழுந்த தடத்தை அழிக்க முடியாது என்று சொல்லிவிட்டு, துவர்ச்சாற்றில் பதனிட்ட தோலில் தொங்கவிடும் சிறு வில்லை ஒன்றை வெட்டி, அக்கா விரும்பிய வரிசையில் எழுத்துகளைப் பொறித்துக் கைப்பிடியில் கட்டிக் கொடுத்தார்.