வோர்ட் குளிர்விக்க பிளேட் சில்லர்: இரண்டைப் பயன்படுத்திய பின் எழுதும் மதிப்பீடு

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் பயன்படுத்தும் பிளேட் சில்லர், பார்வைக்கு ஒரு தடித்த புத்தகம் போல இருக்கும் எஃகுக் கட்டி. உள்ளே அடுக்கிய தட்டுகளின் ஒரு பக்கம் சூடான சாறும் மறுபக்கம் குளிர்நீரும் எதிரெதிராக ஓடும். அதன் முகப்பில் நான்கு மூலைகளிலும் நான்கு குழாய் வாய்கள். கொதித்து முடிந்த வோர்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டை ஊறவைத்து வடித்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்துக் காய்ச்சிய இனிப்புச் சாறு, ஒரு வாய் வழியாக நுழைந்து, பத்துப் பன்னிரண்டு வினாடிகளுக்குள் ஈஸ்ட் சேர்க்கத்தக்க அளவுக்கு ஆறி மற்றொரு வாய் வழியாக வெளியேறுகிறது. உள்ளே செல்லும் குழாயில் விரல் வைக்க முடியாது. ஒரு சாண் தள்ளி வெளியே வரும் குழாயைத் தொட்டால் சூடே தெரிவதில்லை. இத்தனை நாளுக்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

இவ்வளவு விரைவாகக் குளிர்விப்பது ஏன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வெளிர்நிற மால்ட்டில், குறிப்பாகப் பில்ஸ்னர் மால்ட்டில், உள்ள ஒரு சேர்மம் சூட்டில் சிதைந்து டைமெத்தில் சல்பைடாக மாறுகிறது. கொதிக்கும்போது அது ஆவியோடு போய்விடும், அடுப்பை அணைத்த பிறகும் வோர்ட் நெடுநேரம் சூடாகவே கிடந்தால் உள்ளேயே தங்கி, பீரில் அவித்த மக்காச்சோளத்தின் வாடையைக் கொண்டுவரும். கடைசி நிமிடங்களில் நறுமணத்துக்காகப் போட்ட ஹாப்ஸும் 80 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்கும்வரை கசப்பை விட்டுக்கொண்டே இருக்கும். நாம் விரும்பிய மணமோ அதற்குள் பறந்துவிடும். மேலும், வெதுவெதுப்பான இனிப்புச் சாறு நுண்ணுயிர்களுக்கு விருந்து என்பதால், ஈஸ்ட் உள்ளே இறங்கும் முன் அவை குடியேறும் வாய்ப்பை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

நான் முதலில் வாங்கியது 40 தட்டுகள் கொண்ட, ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் உயரமே உள்ள குட்டையான சில்லர். தட்டுகளின் எண்ணிக்கை கூடினால் குளிர்ச்சியும் கூடும் என்று நம்பித்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது பயன்படுத்துவதில் 30 தட்டுகளே உள்ளன. ஆனால் உயரம் 30 சென்டிமீட்டருக்கு மேல். இரண்டையும் ஒரே பம்பில் இணைத்து, 22 பாகைத் தண்ணீரை நிமிடத்துக்கு 6 லிட்டரும் வோர்ட்டை நிமிடத்துக்கு 3 லிட்டருமாக விட்டுப் பார்த்தபோது, குட்டையானதிலிருந்து வோர்ட் 30 பாகையிலும், நெடியதிலிருந்து 24 பாகையிலும் வெளிவந்தது. ஏல் வகை பீருக்கான ஈஸ்ட்டுக்கு அந்த 6 பாகை மிகப் பெரிய வேறுபாடு.

காரணம் எளிது. தட்டுகளின் எண்ணிக்கை கூடும்போது ஓட்டம் பல இடுக்குகளாகப் பிரிகிறது. ஆகவே அதிக வோர்ட்டைத் தடையின்றி விட முடியும். ஆனால் ஒவ்வொரு இடுக்கிலும் வேகம் குறைந்துவிடுவதால், தட்டுகளில் மீன்முள் வடிவில் அழுத்தப்பட்டிருக்கும் நெளிவுகள் திரவத்தைக் கலக்கிப் புரட்டும் வேலையை முழுமையாகச் செய்வதில்லை. தட்டின் நீளம் கூடும்போதோ ஒவ்வொரு துளியும் எதிர்த்திசையில் வரும் குளிர்நீருடன் கூடுதல் தொலைவு உரசிச் செல்கிறது. வீட்டில் 20 முதல் 50 லிட்டர் வரை காய்ச்சுகிறவருக்கு ஓட்டத்தின் அளவு பெரிய சிக்கலே அல்ல. கடைசியில் வரும் சூடுதான் சிக்கல். ஆகையால், 30 தட்டுகளுள்ள நெடிய சில்லரும் 40 தட்டுகளுள்ள குட்டைச் சில்லரும் எதிரெதிரே இருந்தால், தயங்காமல் நெடியதை எடுங்கள் என்பதே என் முடிவு.

தண்ணீரின் சூட்டுக்குக் கீழே எந்தச் சில்லரும் வோர்ட்டைக் கொண்டுபோகாது. குழாய்த் தண்ணீரே 28 பாகையில் வருமானால், அதைப் பனிக்கட்டி வாளிக்குள் மூழ்கிய செப்புச் சுருள் வழியாகச் செலுத்திய பிறகு சில்லருக்கு அனுப்ப வேண்டும். 10 பாகை கேட்கும் லாகர் வகை பீர்களுக்கு இது இல்லாமல் முடியாது.

இனி, இந்தக் கருவியின் உண்மையான குறைக்கு வருகிறேன். தட்டு வெப்பமாற்றியை ரிச்சர்ட் செலிக்மன் 1923-இல் கொண்டுவந்தது பாலைப் பதப்படுத்துவதற்காக. அந்தத் தட்டுகளுக்கு நடுவே ரப்பர் பட்டைகள் இருக்கும், திருகுகளைத் தளர்த்தித் தட்டுத் தட்டாகப் பிரித்துக் கழுவலாம். வீட்டுக் காய்ச்சலுக்காக நாம் வாங்கும் சில்லர்களில் பெரும்பாலானவை அப்படியல்ல. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டுகளுக்கு இடையே செப்புத் தகடு வைத்து, வெற்றிட உலையில் உருக்கி, ஒரே கட்டியாகப் பற்றவைத்து விடுகிறார்கள். கசிவுக்கு இடமில்லை, விலையும் குறைகிறது. ஆனால் உள்ளே என்ன தங்கியிருக்கிறது என்பதைப் பார்க்க எந்த வழியும் இல்லை.

இதை நான் ஒரு முழுக் காய்ச்சலை இழந்துதான் அறிந்தேன். பெல்லட் ஹாப்ஸை, அதாவது பொடித்துக் குளிகைகளாக அழுத்திய ஹாப்ஸை, பையில் கட்டாமல் நேரடியாகப் பாத்திரத்தில் போட்டுக் காய்ச்சி, முதல் சில்லரின் வழியாக விட்டேன். பாதியில் ஓட்டம் நூலாக இளைத்தது. எப்படியோ முடித்து, வெந்நீர் விட்டுக் கழுவி, தெளிந்த நீர் வந்ததும் சுத்தமாகிவிட்டது என்று எடுத்து வைத்தேன். அடுத்த முறை காய்ச்சிய 40 லிட்டரும் புளித்துப்போயின. ஐயம் கொண்டு சில்லரைத் திருப்பி, வெளியேறும் வாய் வழியாகத் தண்ணீரை வேகமாகச் செலுத்தினேன். கரும்பச்சை நிறத்தில், ஊறிய தேயிலைத் தூள் போன்ற ஹாப்ஸ் சக்கை, வெள்ளைத் தட்டில் குவியலாக விழுந்தது. பத்து நிமிடம் கழித்தும் துணுக்குகள் நிற்கவில்லை. தட்டுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

எனவே, சில்லருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை அதற்கு முன்னால் நிற்கும் வடிகட்டிக்கும் ஒதுக்க வேண்டும். நான் இப்போது ஹாப்ஸை நுண்ணிய எஃகு வலைக் கூடைக்குள் மட்டுமே போடுகிறேன். அடுப்பை அணைத்ததும் கூடையை எடுத்துவிட்டு, வோர்ட்டை வேகமாகச் சுழற்றி விட்டு, வண்டல் நடுவில் குவியும்வரை கால் மணி நேரம் காத்திருந்து, பாத்திரத்தின் ஓரத்திலிருந்து எடுக்கிறேன். கொதி முடியும் முன் கடைசிப் பதினைந்து நிமிடங்கள், குளிர்நீரைத் திறக்காமல், கொதிக்கும் வோர்ட்டையே பம்ப் மூலம் சில்லருக்குள் சுற்றவிட்டு மீண்டும் பாத்திரத்தில் விழச் செய்தால், உட்புறம் அந்தச் சூட்டிலேயே தூய்மையாகிவிடும். பம்ப் இல்லாதவர் இதைச் செய்ய முடியாது. அவருக்கு நான் பிளேட் சில்லரைப் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

வாங்கும்போது மரைகளையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அரை அங்குலக் குழாய் மரைகளில் என்.பி.டி. (அமெரிக்க முறை), பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் முறை) ஆகிய இரண்டிலுமே அங்குலத்துக்கு 14 மரைகள்தான். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 60 பாகை, மற்றதில் 55. ஒன்றில் மற்றொன்று பொருந்துவது போலவே ஏறும், டெஃப்லான் டேப் எவ்வளவு சுற்றினாலும் சூடான பக்கத்தில் சொட்டும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் வால்வை வோர்ட் வெளியேறும் பக்கத்தில் வையுங்கள். அதை ஒட்டி ஒரு வெப்பமானியும் இருந்தால், முள்ளைப் பார்த்தே வால்வைத் திருப்பிக்கொள்ளலாம்.

வோர்ட்டில் மூழ்கவிடும் செப்புச் சுருளோடு ஒப்பிட்டால் என்ன சொல்வது? 20 லிட்டருக்கு மேல் காய்ச்சாதவருக்குச் சுருளே போதும். கழுவுவது எளிது, அடைப்பு என்பதே கிடையாது, குளிரும்போது திரளும் புரத வண்டலும் பாத்திரத்திலேயே தங்கிவிடும். பிளேட் சில்லரில் அது முழுவதும் நொதிகலத்துக்குப் போய்ச் சேர்கிறது. 40 லிட்டரைத் தாண்டும்போதுதான் இதன் அருமை தெரிகிறது. முழு அளவும் ஒரே ஓட்டத்தில் கால் மணி நேரத்துக்குள் முடிகிறது. மறுபக்கம் வெளியேறும் நீர் ஏறத்தாழ 60 பாகையில் கிடைப்பதால், பாத்திரங்களைக் கழுவுவதற்கென்று தனியாக வெந்நீர் போட வேண்டியதில்லை.

காய்ச்சி முடித்தவுடன், வோர்ட் காய்வதற்கு முன்பே, நான் சில்லரை இரு திசைகளிலும் மாறிமாறி அலசி, சோடியம் பெர்கார்பனேட் கலந்த சுடுநீரை அரை மணி நேரம் சுற்றவிட்டு, மீண்டும் நல்ல நீரில் அலசுகிறேன். எஃகை அரித்துவிடும் என்பதால் குளோரின் பிளீச் பக்கமே போவதில்லை. கடைசியாகத் தலைகீழாகப் பிடித்து உலுக்கி, நான்கு வாய்களும் திறந்திருக்க, ஒரு வெள்ளைத் துணியின் மேல் வடியவிடுகிறேன்; மறுநாள் அந்தத் துணியில் ஒரு பச்சைத் துணுக்கு தெரிந்தாலும், முதலிலிருந்து மீண்டும் அலசத் தொடங்கிவிடுகிறேன்.