கோழிக் கொட்டகைக்கு மழைமறைப்பு: முன்பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

வீட்டுக் கொல்லையிலுள்ள கோழிக் கொட்டகையைக் காற்றுக்கும் மழைக்கும் தாங்கும்படி ஐப்பசிக்கு முன்பே செய்துவிட வேண்டும் என்று ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். 2024 அக்டோபரில் இதே வேலைக்காக நான் 38,500 ரூபாய் கொடுத்தேன். பழுதுபார்ப்பு என்ற பெயரில் டிசம்பரில் இன்னொரு 6,000 ரூபாயும் கொடுத்தேன். அந்த ஆண்டு முடிவதற்குள் எங்களிடமிருந்த 34 கோழிகளில் 16 இறந்துவிட்டன. அவற்றில் ஏழு, புயல் இரவில் நனைந்து விறைத்து இறந்தவை. மற்ற ஒன்பதும் புயல் ஓய்ந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு சொட்டுக்கூட ஒழுகாத கொட்டகைக்குள் இறந்தன. இந்தப் பதிவை எழுத வைத்தவை அந்த ஒன்பதுதான்.

எங்கள் ஊர் கடலூருக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் இடையில், கடல் காற்று நேராக வந்து மோதும் இடத்தில் இருக்கிறது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் எங்கள் கீற்றுக் கொட்டகை இருந்த இடமே தெரியாமல் போனது. அதன் பிறகு பல ஆண்டுகள் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தே பத்து, பதினைந்து சிறுவிடைக் கோழிகளை வளர்த்து வந்தோம். குஞ்சுகள் பெருகியதும் இருபதுக்குப் பத்து அடியில் கம்பிவலை அடைப்பு ஒன்று கட்டினோம். அதற்குத்தான் நல்ல கூரையும் பக்கவாட்டு மறைப்பும் தேவைப்பட்டன.

வேலைக்கு வந்தவர் பக்கத்து நகரத்தில் கொட்டகை போட்டுத் தருபவர். தெரிந்தவர் ஒருவர் சொல்லி அனுப்பியவர். பேச்சில் மிகுந்த மரியாதை. “அம்மா, புயலே வந்தாலும் ஒரு ஷீட்டு அசையாது, நீங்க என்கிட்ட விட்டுடுங்க” என்றார். இரண்டடிக் குழி தோண்டிக் கான்கிரீட் போட்டு இரும்புக் கால் நடுவது, அரை மில்லிமீட்டர் கனமுள்ள கலர் ஷீட் வேய்வது, பக்கங்களுக்கு 250 ஜிஎஸ்எம் எடையுள்ள தார்ப்பாய் கட்டுவது என்று பேச்சு. எல்லாம் வாய்ப்பேச்சுதான். தார்ப்பாயையும் குழியின் ஆழத்தையும் பற்றி மட்டும் கைப்பேசியில் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். அதை நான் அழிக்காமல் வைத்திருந்தது பின்னால் உதவியது. குழி தோண்டிய அன்று நாங்கள் ஒரு திருமணத்துக்காக விருத்தாசலம் போயிருந்தோம். திரும்பி வந்தபோது கால்கள் நட்டு, மேலே சிமெண்ட் பூசி, மண்ணும் தள்ளி மூடியாகிவிட்டது. அந்த ஒரு நாளை நாங்கள் தள்ளிவைத்திருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை என்பதால் வடக்கையும் கிழக்கையும் மட்டும் அடைத்தால் போதும் என்று அவர் சொன்னதை நானும் நம்பினேன். வாடையும் கொண்டலும் வீசும் சாதாரண மழைநாளுக்கு அது சரிதான். புயலுக்குச் சரியல்ல. நம் கடற்கரைக்கு வரும் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவது. அதன் மையம் நமக்கு வடக்கே கரையைக் கடந்தால், நமக்குக் காற்று முதலில் வடமேற்கிலிருந்தும் பிறகு மேற்கு, தென்மேற்கிலிருந்தும் திரும்பி அடிக்கும். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது; நாங்கள் அதற்குத் தெற்கே இருக்கிறோம். எங்கள் கொட்டகையின் கூரை ஒரே பக்கச் சரிவு. எட்டடி உயரமுள்ள மேற்குப் பக்கம் வெறும் கம்பிவலையோடு திறந்து கிடந்தது. மேலைக்காற்று அந்த வாய் வழியாக உள்ளே புகுந்து, எதிரே இறுக்கிக் கட்டிய தார்ப்பாயில் முட்டி, வெளியேற வழி போதாமல் கூரையைக் கீழிருந்து மேலே தள்ளியது. மேலிருந்து காற்று கூரையை உறிஞ்சி இழுப்பதோடு இந்த உள்தள்ளலும் சேர்ந்துகொண்டால், எந்தக் கூரையும் முதலில் ஓரத்தில்தான் பிய்யும். இரவு பதினொரு மணி அளவில் இரண்டு ஷீட்டுகள் பறந்து போயின. வடமேற்கு மூலைக்கால் வேரோடு சாய்ந்தது.

அந்தப் புயலின் காற்று மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர், இடையிடையே 90 என்ற அளவுதான். தானேயில் வீசிய காற்றோடு இதை ஒப்பிடவே முடியாது. சொன்னபடி செய்த கொட்டகையாக இருந்தால் ஒரு மறைத்திருகுகூடக் கழன்றிருக்காது.

விடிந்ததும் என் கணவர் சாய்ந்த காலின் அடியில் டேப்பை வைத்து அளந்து படம் எடுத்தார். மண்ணுக்குள் இருந்தது ஒன்பது அங்குலம். கான்கிரீட் என்று ஒன்றும் இல்லை. உடைந்த செங்கல் நான்கைந்தைப் போட்டு, மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சிமெண்ட் பூசியிருந்தது. மண் பிடிக்காத வழவழப்பான காலை நான் ஒரு கையால் அசைத்தே வெளியே எடுத்தேன். ஷீட்டைத் திருப்பிப் பார்த்தால், திருகுகள் எல்லாம் அலையின் மேட்டில் இல்லாமல், மழைநீர் ஓடும் பள்ளத்தில் அடிக்கப்பட்டிருந்தன. ரப்பர் வாஷர் ஒன்றிலும் இல்லை. ஓரத்தில் நெருக்கமாக அடிக்க வேண்டிய இடத்தில் மூன்றடிக்கு ஒன்று. திருகு போன ஓட்டை ஒவ்வொன்றும் காற்றில் கிழிந்து, சாவித் துவாரம் போல நீண்டிருந்தது. லேத் பட்டறையில் ஷீட்டின் கனத்தை அளந்து பார்த்தோம்: பெயிண்டோடு சேர்த்து 0.32 மில்லிமீட்டர்.

தார்ப்பாயைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம், மளிகைக்கடைத் தராசு போதும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதுதான். பதினைந்துக்குப் பன்னிரண்டு அடித் தார்ப்பாய் ஏறக்குறைய 16.7 சதுர மீட்டர். அது 250 ஜிஎஸ்எம் என்றால் நான்கு கிலோவுக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். எங்களுடையதைக் காயவைத்து மடித்துக் கடையில் வைத்தபோது தராசு 1 கிலோ 600 கிராம் காட்டியது. கடைக்கார அண்ணன் சந்தேகப்பட்டு இரண்டாம் முறையும் நிறுத்தார்; அதே எடைதான். நூறு ஜிஎஸ்எம்கூடத் தேறாத ஒன்றுக்கு நான் 250க்கான விலையைக் கொடுத்திருந்தேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் அவரையே மறுபடி கூப்பிட்டதுதான் எங்கள் பெரிய தவறு. டிசம்பர் முதல் வாரம், மழை விடவில்லை, வேறு ஆள் கிடைக்கவில்லை. அவர் வந்து பார்த்து, மூலைக்காலை நட்டு, ஷீட்டுகளை மறுபடி வேய்ந்து, “இனிமே ஒரு சாரல்கூட உள்ளே வராதும்மா” என்று சொல்லி, புதிய தார்ப்பாயால் நான்கு பக்கத்தையும் கூரை விளிம்பிலிருந்து தரை வரை இடைவெளியே இல்லாமல் இழுத்துக் கட்டிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். அவர் சொன்னது உண்மை. சாரல் வரவில்லை, காற்றும் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தபோது கண் எரிந்தது. தகரத்தின் அடிப்பக்கம் முழுக்க வியர்த்து, துளித்துளியாகத் தரையில் பரப்பிய கூளத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. கோழி மூச்சுவிடும் ஈரமும் எச்சத்தின் ஈரமும் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கியதால் வந்த வினை அது. ஈரக் கூளத்திலிருந்து அம்மோனியா கிளம்பும். நம் மூக்குக்குக் காட்டமாகத் தெரிகிறது என்றாலே, தரைக்கு அரையடி உயரத்தில் மூச்சுவிடும் குஞ்சுக்கு அது மிக அதிகம். கூளம் கைப்பிடிக்குள் உருண்டையாக நின்றது. ரத்தக்கழிச்சல் நோயின் கிருமி எச்சத்தில் வெளியேறி, வெப்பமும் ஈரமும் உள்ள கூளத்தில் ஒன்றிரண்டு நாளிலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும் என்று கால்நடை மருத்துவர் விளக்கியபோது, எங்கள் ஆறு வாரக் குஞ்சுகள் ஏற்கெனவே இறகைச் சிலிர்த்துக்கொண்டு, மூலையில் ஒன்றோடொன்று ஒண்டி நின்றுகொண்டிருந்தன. எச்சத்தில் ரத்தம் கண்டிருந்தது. தண்ணீரில் மருந்து கலந்து ஐந்து நாள் கொடுத்தோம். அதற்குள் ஒன்பது போய்விட்டன. குஞ்சைக் கையில் எடுத்தால் மார்பெலும்பு விரலில் உறுத்தியது. அதை எழுதும்போது இன்றும் மனம் தாளவில்லை.

கொட்டகை போட்டவரிடம் தொலைபேசியில் கேட்டதற்கு, நோய்க்குத் தாம் பொறுப்பல்ல என்றும், புயல் இயற்கைச் சீற்றம் என்றும் சொன்னார். காலின் படத்தையும் தராசின் படத்தையும் அனுப்பிய பிறகு அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

ஆகவே வேலை கொடுப்பவர்கள் தயவுசெய்து குழி தோண்டும் நாளில் வீட்டில் இருங்கள். இரண்டடிக்குக் குறையாத ஆழம், ஓரடிச் சதுரம், காலின் அடியில் குறுக்காகப் பற்றவைத்த கம்பித் துண்டு, சுற்றிலும் சல்லிக் கான்கிரீட். இவற்றைக் கண்ணால் பார்த்த பிறகே மண் தள்ளவிடுங்கள். தார்ப்பாயை உங்கள் எதிரில் நிறுக்கச் சொல்லுங்கள். எங்கள் கொட்டகையைத் தை மாதத்தில் ஊர்ப் பட்டறைக்காரர் ஒருவர் மாற்றிக் கட்டிக்கொடுத்தார். தரையை ஓரடி உயர்த்தி, சுற்றிலும் ஒன்றரையடிச் சுவர் எழுப்பி, கூரையை மூன்றடி வெளியே நீட்டி, சொட்டுநீர் விழும் இடத்தில் வாய்க்கால் வெட்டினார். தார்ப்பாயைச் சுவரின் மேல்விளிம்பில் கட்டி, கயிற்றால் கீழிருந்து மேலே இழுத்து ஏற்றும்படி நான்கு பக்கமும் செய்தார். எவ்வளவு ஏற்றினாலும் கூரையை ஒட்டி ஓரடி திறந்தே இருக்கும். சாரல் கீழே தடுக்கப்படுகிறது, கெட்ட காற்று மேலே போய்விடுகிறது. மேலிருந்து தொங்கவிட்டுக் கீழே கட்டும் மறைப்பு இதற்கு நேர்மாறானது. யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கூளத்துக்கு நிலக்கடலைத் தோல் போட்டிருக்கிறோம். மழைக்காலத்தில் தினமும் கிளறி, கட்டி தட்டியதை உடனே அள்ளிவிடுகிறோம்.

ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஷீட்டின் கனம், தார்ப்பாயின் ஜிஎஸ்எம், குழியின் ஆழம் மூன்றும் அதில் எழுத்தில் இருக்கட்டும். எங்களிடம் ரசீது இல்லை; குரல்பதிவும், வங்கி வழியாகப் பணம் போன விவரமும், அளவு டேப்போடு எடுத்த படங்களும் இருந்தன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்டபோது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கும் வழியைச் சொன்னார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம். குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். நாங்கள் கொடுத்துவிட்டோம். பிடுங்கிய காலைச் சிமெண்ட் ஒட்டியபடியே, கழுவாமல், மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறோம். ஆணையம் கேட்கும் நாளில் அதையும் எடுத்துப் போவோம்.