கேனான் 50-1000 எம்எம் சினி லென்ஸ்: வரையாடுகளோடு நான்கு நாள்

ஆழியாறு-வால்பாறை மலைப்பாதையில் வரையாடு எடுக்க இதை நான்கு நாள் வாடகைக்கு வாங்கினேன். சூப்பர் 35 என்ற சினிமா கேமரா அளவு சென்சாருக்கான லென்ஸ், 50-இல் மொத்தப் பாறையையும் காட்டிவிட்டு அப்படியே 1000 வரை போனால் ஆட்டின் இமை தெரிகிறது, போதவில்லை என்றால் உள்ளேயே இருக்கிற 1.5 மடங்கு எக்ஸ்டெண்டரை, அதாவது தூரத்தை இன்னும் இழுத்துக் காட்டும் கண்ணாடியைப் போட்டு 1500 வரை போகலாம். லென்ஸ் மாற்றுவதற்குள் ஆடு போய்விடுமே என்ற பதற்றம் இல்லை, எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

ஆனால் வெளிச்சம்தான் பிரச்சினை. 1000-இல் டி8.9 (லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சத்தின் அளவு, எண் கூடினால் வெளிச்சம் குறைவு), எக்ஸ்டெண்டர் போட்டால் இன்னும் ஒரு ஸ்டாப்புக்கு மேல், அதாவது பாதி வெளிச்சத்துக்கு மேல் காலி. மேகம் மூடிய காலையில் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) ஏற்றி ஏற்றி, கடைசியில் எல்லாம் ஒரே புள்ளி மயம்.

எடை 6.6 கிலோ. வாடகைக் கடையில் தந்த டிரைபாட் ஹெட் (முக்காலியின் திருப்பும் தலைப்பகுதி) இதைத் தாங்கவே இல்லை, பக்கவாட்டில் திருப்பி பேன் செய்து நிறுத்தினால் ஃபிரேம் மெல்லப் பின்னால் வரும், பக்கத்தில் லாரி போனாலும் ஆட்டம். லென்ஸை மறுபடி எடுப்பேன், அந்த ஹெட்டை எடுக்க மாட்டேன். அப்புறம், பாறை சூடேறிவிட்டால் கானலில் ஆடு நெளிய ஆரம்பித்துவிடும். நாங்கள் பத்து மணிக்கே மூட்டை கட்டி டீக்கடைக்குப் போய்விட்டோம்.