ஃபிட்ஸ்ஜெரால்டா, பராராவா: யாருடைய பயோடேட்டா கனமானது?

2001-இல் சிகாகோவுக்கு யு.எஸ். அட்டர்னி, அதாவது அந்த மாவட்டத்தில் அமெரிக்க மத்திய அரசின் வழக்குகளை நடத்தும் தலைமை வழக்கறிஞர், தேடியபோது இல்லினாய் செனட்டர் பீட்டர் ஃபிட்ஸ்ஜெரால்டு ஒரே ஒரு பிடிவாதத்தில் இருந்தார்: வருகிறவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். உள்ளூர் ஆள் யாரைப் பிடித்தாலும் ஏதோ ஒரு கட்சிக்கோ, பெரிய மனிதருக்கோ கடன்பட்டிருப்பார் என்பது அவருடைய கணக்கு. சொந்தக் கட்சிக்காரர்களே முகம் சுளித்தார்கள். அவர் நியூயார்க்கிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய ஆள் பேட்ரிக் ஃபிட்ஸ்ஜெரால்டு. இருவருக்கும் உறவு கிடையாது, பெயர் ஒத்துப்போனது தற்செயல்.

எட்டு வருடம் கழித்து நியூயார்க்கில் நடந்தது இதற்கு நேர் எதிர். மன்ஹாட்டனை உள்ளடக்கிய தெற்கு மாவட்டத்துக்கு செனட்டர் சக் ஷூமர் சிபாரிசு செய்த பெயர், அவரிடமே தலைமைச் சட்ட ஆலோசகராக வேலை பார்த்துக்கொண்டிருந்த ப்ரீத் பராரா.

ஒருவர் கோர்ட் வழியாக மேலே வந்தவர், இன்னொருவர் கடைசிப் படியை அரசியல் வழியாக ஏறியவர். பெரிய வழக்குகளுக்கு எந்தப் பின்னணி நல்லது என்று கேட்டால், இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். அமெரிக்காவில் 94 ஃபெடரல் மாவட்டங்கள். குவாமும் வடக்கு மரியானா தீவுகளும் ஒருவரையே பகிர்ந்துகொள்வதால் யு.எஸ். அட்டர்னிகள் 93 பேர். ஜனாதிபதி பெயரை முன்மொழிவார், செனட் ஒப்புதல் தரும். நடைமுறையில் அந்த மாநில செனட்டரின் வாய்ச்சொல்லுக்குத் தனி எடை உண்டு. ஜனாதிபதி நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் தூக்கிவிடலாம். இவர்களுக்குக் கீழே உதவி வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். சாட்சியை உட்கார வைத்து விசாரிப்பது, ஜூரி முன் நின்று பேசுவது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் வேலை.

ஃபிட்ஸ்ஜெரால்டின் அப்பா அயர்லாந்திலிருந்து வந்தவர், மன்ஹாட்டனில் ஒரு குடியிருப்பில் வாசல் காவலர். மகன் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் கணிதமும் பொருளாதாரமும் படித்து, 1985-இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியை முடித்தார். கொஞ்ச காலம் தனியார் நிறுவனத்தில் சிவில் வழக்குகள், அப்புறம் 1988-இல் தெற்கு மாவட்டத்தில் உதவி வழக்கறிஞர். அங்கேயே பதின்மூன்று வருடம். ஜான் கம்பீனோ மாஃபியா வழக்கை, பிற்பாடு எஃப்.பி.ஐ. இயக்குநரான ஜேம்ஸ் கோமியோடு சேர்ந்து நடத்தினார். ஐ.நா. கட்டடத்தையும் நியூயார்க்கின் சுரங்கப் பாதைகளையும் தகர்க்கத் திட்டமிட்ட வழக்கில் ஷேக் ஓமர் அப்துல் ரஹ்மானும் மற்ற ஒன்பது பேரும் 1995-இல் தண்டிக்கப்பட்டபோது அரசுத் தரப்புக் குழுவில் இருந்தார். 1998-இல் நைரோபியிலும் தார் எஸ் சலாமிலும் தூதரகங்கள் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்ட வழக்கும் அவர் கையில்தான் இருந்தது. பின்லேடன் பெயர் செப்டம்பர் 11-க்குப் பிறகுதான் உலகத்துக்குப் பழகியது. இவர் அந்தப் பெயரில் அதற்கு மூன்று வருடம் முன்பே குற்றப்பத்திரிகை வாங்கிய அணியில் இருந்தவர்.

பராரா 1968-இல் பஞ்சாபின் ஃபெரோஸ்பூரில் பிறந்து நியூஜெர்சியில் வளர்ந்தவர். ஹார்வர்டில் பட்டம், கொலம்பியாவில் சட்டம். ஏழெட்டு வருடம் பெரிய தனியார் நிறுவனங்களில் இருந்துவிட்டு 2000-இல் அதே தெற்கு மாவட்ட அலுவலகத்தில் உதவி வழக்கறிஞராகச் சேர்ந்தார். மாஃபியா குடும்பங்கள், ஆசிய கும்பல்கள் என்று ஐந்து வருடம். 2005-இல் ஷூமரிடம் போய்விட்டார்.

ஐந்துக்குப் பதின்மூன்று என்று பார்த்தால் போட்டியே இல்லை. ஆனால் வாஷிங்டனில் பராரா செய்த வேலை சும்மா செனட்டருக்குக் குறிப்பெழுதும் வேலை இல்லை. 2006 டிசம்பரில் புஷ் நிர்வாகம் ஏழு யு.எஸ். அட்டர்னிகளை ஒரே நாளில் வெளியேற்றியது. அரசியல் காரணமா என்று செனட் தோண்டியபோது அந்த விசாரணையை முன்னின்று நடத்திய ஊழியர்களில் முக்கியமானவர் இவர். நீதித்துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் ஆல்பர்டோ கொன்சாலெஸ் பதவி விலகுவதில் அது முடிந்தது. அந்த விசாரணையில் வெளிவந்த ஒரு தாளில் ஒரு வேடிக்கை உண்டு. 2005-இல் யு.எஸ். அட்டர்னிகளுக்குத் தரம் போட்டுத் தயாரித்த பட்டியலில் ஃபிட்ஸ்ஜெரால்டு 'பெரிதாகத் தனித்துத் தெரியாதவர்' என்ற வரிசையில் இருந்தார். துணை ஜனாதிபதி அலுவலகத்தை அவர் குடைந்துகொண்டிருந்த நேரம் அது. தப்பித்துக்கொண்டார். பராராவால் அது முடியவில்லை: 2017 மார்ச்சில், ஒபாமா காலத்திலிருந்து தொடர்ந்த 46 பேரையும் ராஜினாமா செய்யச் சொன்னார்கள். இவர் மறுத்தார், டிரம்ப் நீக்கினார்.

சரி, வழக்குகளுக்கு வருவோம். இருவரும் போய் உட்கார்ந்தது பாதி வெந்த சோற்றுப் பானைக்கு முன்னால்தான். சிகாகோவில் லஞ்சம் வாங்கிக்கொண்டு லாரி லைசென்ஸ் கொடுத்த விவகாரம் 1998 முதலே விசாரணையில் இருந்தது. அப்படி லைசென்ஸ் வாங்கிய டிரைவர் சம்பந்தப்பட்ட விபத்தில் ஒரே குடும்பத்தின் ஆறு குழந்தைகள் இறந்திருந்தார்கள். ஃபிட்ஸ்ஜெரால்டு அந்த நூலைப் பிடித்து மேலே போய் முன்னாள் கவர்னர் ஜார்ஜ் ரயனை 2006-இல் தண்டனை வரை கொண்டுபோனார். ரயன், ஃபிட்ஸ்ஜெரால்டை நியமித்த புஷ்ஷின் கட்சிக்காரர். வெளியூர் ஆளைக் கொண்டுவந்த செனட்டரின் கணக்கு தப்பவில்லை.

பராராவுக்குக் கிடைத்த பானை நமக்கு இன்னும் பக்கம். கொழும்பில் பிறந்த தமிழர் ராஜ் ராஜரத்னம் நடத்திய கேலியன் ஹெட்ஜ் ஃபண்டு (பணக்காரர்களின் பணத்தை முதலீடு செய்யும் நிதி) மீதான உள்தகவல் வர்த்தக வழக்கு அது. வெளியே வராத கம்பெனி ரகசியத்தை வைத்துப் பங்கு வாங்கி விற்பதுதான் உள்தகவல் வர்த்தகம். 2009 ஆகஸ்டில் பராரா பதவியேற்கிறார், அக்டோபரில் ராஜரத்னம் கைது. தொலைபேசி ஒட்டுக்கேட்பு 2008-லேயே தொடங்கிவிட்டது. மாஃபியாவையும் போதைக் கும்பலையும் பிடிக்க வைத்திருந்த அந்த ஆயுதத்தை வால்ஸ்ட்ரீட் பக்கம் இவ்வளவு பெரிய அளவில் திருப்பியது அப்போதுதான்.

2008 செப்டம்பர் 23 மாலை. வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்வே தங்களிடம் 500 கோடி டாலர் போடப்போகிறது என்று கோல்ட்மேன் சாக்ஸ் முதலீட்டு வங்கியின் இயக்குநர் குழு தொலைபேசிக் கூட்டத்தில் பேசி முடிக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் இயக்குநர் ரஜத் குப்தாவிடமிருந்து ராஜரத்னத்துக்கு அழைப்பு. சந்தை மூடச் சில நிமிடமே இருக்கையில் கேலியன் கோல்ட்மேன் பங்குகளை அள்ளுகிறது. அந்த அழைப்பு பதிவாகவில்லை. மறுநாள் காலை ராஜரத்னமே தன் ஆளிடம், சந்தை மூடும் நேரத்தில் கோல்ட்மேனில் நல்லது நடக்கப்போகிறது என்று தகவல் வந்ததாகச் சொன்னது பதிவாகிவிட்டது. 2011 மே மாதம் 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பு, 11 வருடம் சிறை. அடுத்த வருடம் குப்தாவும் தண்டிக்கப்பட்டார்.

ஆனால் அந்த வழக்கில் ஜூரி முன் எழுந்து பேசியவர்கள் பராராவின் உதவியாளர்கள். யு.எஸ். அட்டர்னி என்றால் பொதுவாக அப்படித்தான். ஃபிட்ஸ்ஜெரால்டு மாறுபட்ட ஆள். சி.ஐ.ஏ.வின் ரகசிய அதிகாரி வாலரி பிளேமின் பெயர் கசிந்ததை விசாரிக்க 2003-இல், அப்போது துணை அட்டர்னி ஜெனரலாக இருந்த கோமி அவரைச் சிறப்பு வழக்கறிஞராக நியமித்தார். துணை ஜனாதிபதி டிக் சேனியின் தலைமை அதிகாரி ஸ்கூட்டர் லிப்பி மீதான விசாரணையில் தானே எழுந்து நின்று வாதாடினார். கோர்ட் பழக்கம் விடவில்லை.

அதே பழக்கத்தின் மறுபக்கமும் அந்த வழக்கில்தான் தெரிகிறது. பெயரை முதலில் பத்திரிகையாளரிடம் சொன்னவர் வெளியுறவுத் துறையின் துணைச் செயலராக இருந்த ரிச்சர்டு ஆர்மிடேஜ் என்பது ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். கசியவிட்டதற்காக யார் மீதும் வழக்கு வரவில்லை. லிப்பி தண்டிக்கப்பட்டது விசாரணையில் பொய் சொன்னதற்கும் தடை போட்டதற்கும். நடுவில் 'நியூயார்க் டைம்ஸ்' நிருபர் ஜூடித் மில்லர் தன் மூலத்தைச் சொல்ல மறுத்து 85 நாள் சிறையில் இருந்தார். கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) முன் பொய் சொல்வதைக் கோர்ட்டில் ஊறியவர்களால் மன்னிக்க முடியாது. அரசியல் தெரிந்த ஒருவராக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் இழுத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். கடைசியில் புஷ் லிப்பியின் சிறைத் தண்டனையை ரத்து செய்தார், 2018-இல் டிரம்ப் மன்னிப்பே கொடுத்தார்.

வாய் விஷயத்தில் இருவரும் சளைத்தவர்கள் இல்லை. ஒபாமா காலிசெய்த செனட் இடத்தை விலை பேசிய கவர்னர் ராட் பிளாகோயெவிச்சை 2008 டிசம்பரில் கைது செய்த அன்று, லிங்கன் கல்லறையில் புரண்டு படுப்பார் என்றார் ஃபிட்ஸ்ஜெரால்டு. வாங்கிக் கட்டிக்கொண்டார். முதல் விசாரணையில் 24 குற்றச்சாட்டுகளில் 23-இல் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. இரண்டாவது விசாரணையில்தான் 14 வருடம் கிடைத்தது. பராரா இதில் இன்னும் ஒரு படி மேலே. நியூயார்க் சட்டசபை சபாநாயகர் ஷெல்டன் சில்வரைப் பிடித்த கையோடு, இன்னும் வரும், காத்திருங்கள் என்கிற தொனியில் பேசினார். விதிமீறலின் விளிம்பு வரை போய்விட்டார் என்று நீதிபதி வேலரி கப்ரோனி கண்டித்தார். ஆனாலும் சில்வர், ஷூமரின் கட்சிக்காரர் என்பதைக் கவனிக்க வேண்டும். செனட்டரின் ஆள் கட்சிக்காரனைத் தொடமாட்டான் என்ற வாதம் இங்கே நிற்கவில்லை.

சில்வர் மீதான 2015 தீர்ப்பு பிறகு கவிழ்ந்து, மறுவிசாரணையில்தான் அவர் திரும்பவும் தண்டிக்கப்பட்டார். கவிழ்த்த கல் வர்ஜீனியாவிலிருந்து வந்தது. அந்த மாநில முன்னாள் கவர்னர் பாப் மெக்டோனலின் தண்டனையை 2016-இல் உச்ச நீதிமன்றம் 8-0 என்று ரத்து செய்து, எது லஞ்சத்துக்கான 'அரசுப் பணி' என்பதைச் சுருக்கிவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்த காலத்தில் நீதித்துறையின் பொது நேர்மைப் பிரிவுக்குத் தலைவர் ஜாக் ஸ்மித், பிற்பாடு சிறப்பு வழக்கறிஞராக டிரம்ப் மீது இரண்டு வழக்கு போட்டவர். மன்ஹாட்டன் மாவட்ட வழக்கறிஞர் அலுவலகம், புரூக்ளின், போர்க்குற்றங்களை விசாரிக்கும் ஹேக் நகரம் என்று இந்த மூவரில் அதிகம் சுற்றியவர் அவர்தான். அத்தனை அனுபவமும் 2024-இல் புளோரிடா நீதிபதி ஐலீன் கேனன், நியமனமே செல்லாது என்று சொன்னதைத் தடுக்கவில்லை.

என் ஓட்டு ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு, கொஞ்ச வித்தியாசத்தில். நிதி மோசடி என்றால் தயங்காமல் பராரா. தனியார் நிறுவனங்களில் கழித்த வருடங்கள் வால்ஸ்ட்ரீட் பாஷையைக் கற்றுத் தந்திருக்கும். ஆனால் உள்தகவல் வர்த்தக வழக்குகளில் தொடர்ந்து கிடைத்த வெற்றி வரிசையை விளம்பரமாகத் தூக்கிப் பிடிப்பவருக்குத் தோல்வி பொறுக்காது. எண்பதுக்கு மேல் போன அந்த வரிசையை 2014-இல் உடைத்தது ராஜரத்னத்தின் தம்பி ரெங்கனின் விடுதலை. அதே வருட இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் இரண்டு பேரை விடுவித்து, மற்ற வழக்குகளையும் ஆட்டம்காண வைத்தது.

பின்னணியே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2025-இல் உதாரணம் கிடைத்தது. புளோரிடாவில் காப்பீட்டு வழக்குகள் பார்த்தவர், ஒரு குற்ற வழக்கையும் அரசுத் தரப்பில் நடத்தாதவர் லிண்ட்ஸி ஹாலிகன். கிழக்கு வர்ஜீனியாவின் இடைக்கால யு.எஸ். அட்டர்னி ஆன சில நாளிலேயே கிராண்ட் ஜூரி முன் தனியாகப் போய், கோமி மீது குற்றப்பத்திரிகை வாங்கினார். கோமிக்காக எதிர்த்தரப்பில் நின்றவர் ஃபிட்ஸ்ஜெரால்டு. நவம்பரில் நீதிபதி கேமரன் கரி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அனுபவம் போதாது என்பது காரணமில்லை, இந்தப் பதவிக்கு இத்தனை வருட கோர்ட் அனுபவம் வேண்டும் என்று சட்டம் கேட்பதுமில்லை. இடைக்கால நியமனத்துக்கு அட்டர்னி ஜெனரலுக்குக் கிடைக்கும் 120 நாள் ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்ததால் ஹாலிகனின் நியமனமே செல்லவில்லை. குற்றப்பத்திரிகையில் அவருடையதைத் தவிர வேறு எந்த அரசு வழக்கறிஞரின் கையெழுத்தும் இல்லை.