1,150 பவுண்டு போனது: பழைய பந்தயப் படகு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

ரிமோட் பாய்மரப் படகுப் பந்தயத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்த கிளாஸ், அதாவது ஒரே விதிக்குள் போட்டியிடும் எந்த வகைப் படகு வாங்கலாம் என்று விரிவாக எழுதுவதாக இங்கே சில தம்பிகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதை எழுத இப்போது மனம் வரவில்லை. 1,150 பவுண்டு கொடுத்து நான் வாங்கிய படகு எந்தப் பந்தயத்திலும் இறக்கவே முடியாத படகு என்று இந்த வாரம்தான் தெரிந்தது. விற்ற ஆள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். விளம்பரம் வந்த செயலி கைவிரித்துவிட்டது. வங்கியும் அப்படித்தான். இன்னொருவர் அதே இடத்தில் போய் மாட்டக் கூடாது என்பதற்காகச் சூடு ஆறும் முன்னால் எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தில், பர்மிங்காம் பக்கம். இந்த நாட்டில் மாதிரிப் படகுப் பந்தயம் நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது. மாடல் யாட்டிங் அசோசியேஷன் 1911-இலேயே தொடங்கிய அமைப்பு. குளமோ ஏரியோ இருக்கும் ஊர்களில் வார இறுதியில் கிளப்பில் பந்தயம் இருக்கும். எங்கள் கிளப்பில் மூன்று கிளாஸ் ஓடுகிறது. ஒன்று டிராகன்ஃபோர்ஸ் 65, நீளம் 650 மில்லிமீட்டர். இன்னொன்று அதே வரிசையில் பெரியது, டிராகன்ஃப்ளைட் 95, அதன் நீளம் 950. இரண்டும் ஜாய்ஸ்வே நிறுவனத்தின் தயாரிப்பு. எல்லாருக்கும் ஒரே ஹல் (படகின் உடல்), ஒரே கீல் (அடியில் தொங்கும் எடைத் தகடு), ஒரே சுக்கான். பெட்டியைப் பிரித்துப் பொருத்தினால் சில நூறு பவுண்டில் பந்தயத்தில் நிற்கலாம்.

மூன்றாவதுதான் நான் ஆசைப்பட்டது: ஐ.ஓ.எம், அதாவது இன்டர்நேஷனல் ஒன் மீட்டர். 1988-இல் வந்த கிளாஸ் இது. இதில் ஹல்லின் வடிவத்தை யார் வேண்டுமானாலும் வடிவமைக்கலாம், ஆனால் அளவுகளுக்குள் நிற்க வேண்டும். நீளம் 1,000 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. எடை 4 கிலோவுக்குக் குறையக் கூடாது. நீருக்குள் இறங்கும் ஆழம் 420 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. காற்றுக்குத் தகுந்தபடி மாற்ற ஏ, பி, சி என்று மூன்று ரிக், அதாவது பாய்மரமும் பாய்களும் சேர்ந்த தொகுப்பு. பாய்மரம் அலுமினியமாகவோ மரமாகவோ இருக்க வேண்டும். ஹல்லில் கார்பன் இழை அறவே கூடாது, கண்ணாடி இழை, மரம் போன்றவைதான். கீல் தகட்டிலும் சுக்கானிலும் கார்பன் இருக்கலாம். செலவு கண்டபடி ஏறாமல் இருக்கத்தான் இத்தனை கட்டுப்பாடு. இதையெல்லாம் அதிகாரபூர்வ அளவீட்டாளர் ஒருவர் அளந்து பார்த்து சர்டிபிகேட் தருவார். அந்தக் காகிதத்தில் உள்ள எண்தான் படகின் அடையாளம். அது இல்லாவிட்டால் கையில் இருப்பது ஒரு மீட்டர் நீளமுள்ள அழகான பொம்மை, அவ்வளவுதான்.

புது ஐ.ஓ.எம் வாங்க வேண்டும் என்றால் சில ஆயிரம் பவுண்டு ஆகும். அது என்னால் முடியாது. அதனால் பலரும் செய்வதுபோல் பழையதைத் தேடினேன். பழைய பொருட்களை ஆட்களே ஒருவருக்கொருவர் விற்கும் ஒரு செயலியில் விளம்பரம் வந்தது: "ஐ.ஓ.எம், பந்தயத்துக்குத் தயார், ஏ, பி ரிக் இரண்டும் உண்டு, சர்டிபிகேட் உண்டு, 1,150 பவுண்டு." படங்கள் தெளிவாக இருந்தன. வெள்ளை ஹல், நீலக் கோடு. அடிமாட்டு விலையும் இல்லை. சந்தேகப்பட அதில் ஒன்றுமே இல்லை.

போன் செய்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் பேசினான். எந்தக் குளத்தில் ஓட்டப் போகிறேன், அங்கே மரங்கள் காற்றை மறைக்குமா, எந்த ரிமோட் வைத்திருக்கிறேன் என்றெல்லாம் அவனே கேட்டான். காற்று ஏறும்போது பின்கயிற்றை எவ்வளவு இறுக்க வேண்டும், முன்பாயின் அடிமூலையை எவ்வளவு தளர்த்த வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். முழங்கால் வலி, குளக்கரையில் நடக்க முடியவில்லை, அதனால்தான் விற்கிறேன் என்றான். அதே செயலியில் நான் பார்த்து வைத்திருந்த இன்னொரு படகைப் பற்றிக் கேட்டபோது அவன் சொன்னதுதான் என்னை விழ வைத்தது. "அதை வாங்காதீர்கள். விலை குறைவுதான், ஆனால் சர்டிபிகேட் இல்லை. சர்டிபிகேட் இல்லாத ஐ.ஓ.எம்மை யாரும் பந்தயத்தில் விட மாட்டார்கள். என்னிடம் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, அதை மட்டும் வாங்காதீர்கள்" என்றான். சொன்னபடி சர்டிபிகேட்டின் படத்தையும் அனுப்பினான். எண், அளவுகள், கையெழுத்து எல்லாம் இருந்தது. காகிதம் உண்மையானதுதான். அது வேறு படகினுடையது என்று வீட்டில் உட்கார்ந்து படத்தைப் பார்த்து யாருக்குத் தெரியும்?

செயலி வழியாகப் பணம் கட்டினால் அவர்கள் பிடித்துவைத்து மெதுவாகத்தான் தருவார்கள், எனக்கு வைத்தியச் செலவு இருக்கிறது, நேராக வங்கிக் கணக்கில் போட்டால் நாளைக்கே அனுப்புகிறேன் என்றான். வேறு ஒருவர் வாங்கத் தயாராக இருப்பதாகவும் சொன்னான். 1,150 பவுண்டையும் போட்டேன். படகு சொன்ன நாளில் வந்தது, பாய்களுக்குத் தனி உறை, கீலுக்குத் தனிப் பெட்டி என்று அத்தனை அக்கறையாகக் கட்டி. நன்றி சொல்லிச் செய்தி கூட அனுப்பினேன்.

முதல் நாள் குளத்தில் கரையோரம் நன்றாகத்தான் ஓடியது. தூர மிதவையைச் சுற்றப் போனதும் படகு கேட்பதை நிறுத்திவிட்டது. சுக்கான் திரும்பவில்லை, பாய்க்கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் மோட்டார் பாயை இழுக்கவில்லை. காற்று இழுத்த இழுப்பில் போய் நாணலுக்குள் சிக்கியது. பேட்டரி மாற்றினோம். ரிசீவர் மாற்றினோம். திரும்பவும் அதே கதை. கிளப்பில் இருக்கும் அளவீட்டாளர், வயதான மனிதர், டெக்கின், அதாவது மேல்தளத்தின் ஓட்டையை மூடியிருந்த ஒட்டுத்தாளை உரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே முழுக்கக் கறுப்பு நெசவு. வெளியே வெள்ளைப் பெயின்ட், உள்ளே கார்பன் ஹல். கார்பன் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைத் தடுக்கும் என்று அவர்தான் விளக்கினார். அதனால்தான் தூரத்தில் படகு செவிடாகிவிட்டது.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆழம் 420-ஐத் தாண்டியிருந்தது. அதையாவது சரிசெய்யலாம். ஹல்லில் எண்ணே இல்லை. எண் இருந்திருக்க வேண்டிய இடத்தில் புதுப் பெயின்ட். பாய்களில் கீழ்முன்மூலைக்குப் பக்கத்தில் அளந்தவரின் கையெழுத்து இருக்க வேண்டும், அதுவும் இல்லை. சர்டிபிகேட்டில் இருந்த எண்ணை விசாரித்தால், அந்த எண்ணுக்குரிய படகு வேறொரு ஊரில் ஒருவரிடம் இன்றைக்கும் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. கார்பன் ஹல்லை எந்த மருந்து போட்டாலும் ஐ.ஓ.எம் ஆக்க முடியாது. 1,150 பவுண்டு.

அன்றைக்கு இரவே அவனுக்கு எழுதினேன். முதல் பதில்: "பேட்டரி பலவீனமாக இருக்கும், பாருங்கள்." கார்பன் படத்தை அனுப்பினேன். "அது கார்பன் இல்லை, கறுப்புச் சாயம் போட்ட கண்ணாடி இழை." அளவீட்டாளர் சொன்னதை அனுப்பினேன். "எனக்கு விற்றவர் அப்படித்தான் சொன்னார், நான் என்ன செய்வது?" சர்டிபிகேட் எண்ணைப் பற்றிக் கேட்டேன். "பழைய பொருள், பார்த்துத்தானே வாங்கினீர்கள்." பணத்தைத் திருப்பிக் கொடு, படகை என் செலவிலேயே அனுப்புகிறேன் என்றேன். அதற்குப் பிறகு பதில் இல்லை. சர்டிபிகேட்டைப் பற்றி எனக்கே பாடம் நடத்திய ஆளுக்கு ஹல்லில் எண் இல்லாதது தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்தேதான் செய்தான்.

செயலிக்காரர்களிடம் புகார் கொடுத்தால் இயந்திரம்தான் பதில் சொல்கிறது: பணம் எங்கள் வழியாக வரவில்லை, எனவே எங்கள் பாதுகாப்பு பொருந்தாது. விளம்பரம் பொய் என்பதற்காகவாவது அந்த ஆளை நீக்குங்கள் என்று கேட்டால், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு வரி. வங்கியில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பொருள் கைக்கு வந்துவிட்டதால் இது மோசடி ஆகாதாம், வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையிலான தகராறாம். 2024 அக்டோபரிலிருந்து இங்கே ஏமாற்றி வாங்கப்பட்ட வங்கிப் பரிமாற்றங்களுக்குப் பணம் திருப்பித் தரும் விதி வந்திருக்கிறது, ஆனால் இப்படிப்பட்ட தகராறுகள் அதில் சேராது. காலிப் பெட்டி அனுப்பியிருந்தால் எனக்குப் பணம் கிடைத்திருக்கலாம். பொய்ப் படகு அனுப்பியதால் கிடைக்காது. இது என்ன நியாயம்?

"நீங்கள் பார்த்து வாங்கியிருக்கலாமே" என்று ஒரு நண்பர் சொன்னார். வாங்குகிறவன் டார்ச்சும் தராசும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டியதில்லை என்பதற்குத்தானே சர்டிபிகேட் என்ற ஒன்றையே வைத்திருக்கிறார்கள்? அந்த நம்பிக்கையை விலை பேசியவன் மேல்தான் குற்றம்.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. 1979-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, கடைக்காரராக இல்லாத தனியாள் விற்றாலும் பொருள் அவர் சொன்ன விவரப்படி இருக்க வேண்டும். ஐ.ஓ.எம் என்று எழுதி விற்றால் அது ஐ.ஓ.எம் ஆக இருந்தாக வேண்டும். 10,000 பவுண்டு வரையிலான வழக்கைச் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே போடலாம். ஆனால் வழக்குப் போட முகவரி வேண்டும். பார்சலை ஏதோ ஒரு பெட்டிக்கடையிலிருந்து அனுப்பியிருக்கிறான். அந்த முகவரியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தம்பிகள் கேட்ட கிளாஸ் விஷயம்: இப்போதைக்கு டிராகன்ஃபோர்ஸ் 65 அல்லது டிராகன்ஃப்ளைட் 95 வாங்குங்கள், கடையில், புதிதாக. உங்கள் பக்கத்துக் கிளப்பில் எது ஓடுகிறதோ அது. தனியாக வேறு கிளாஸ் வைத்துக்கொண்டு யாரோடு பந்தயம் விடுவீர்கள்? ஐ.ஓ.எம்தான் வேண்டும் என்றால் கிளப் ஆட்களிடமே வாங்குங்கள், படகைக் குளத்தில் பார்த்த பிறகு. ஹல்லில் உள்ள எண்ணும் சர்டிபிகேட் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். படத்தை நம்ப வேண்டாம், ஒட்டுத்தாளை உரித்து உள்ளே பாருங்கள். பாயில் கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். கைமாறும்போது சர்டிபிகேட் உங்கள் பெயருக்கு மாற வேண்டும், அதை விற்பவர் முன்னிலையிலேயே தொடங்குங்கள். வங்கிக் கணக்கில் நேராகப் போடச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். விற்பவரின் வீட்டு முகவரி இல்லாமல் ஒரு பவுண்டு கூடக் கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு எழுதுகிறேன், இப்போது முடியவில்லை.

இன்னொன்று, அவசரம். அதே செயலியில் அதே ஆள் வேறு கணக்கில் மார்பிள்ஹெட் என்ற இன்னொரு கிளாஸ் படகு ஒன்றை விற்பனைக்குப் போட்டிருக்கிறான். 1,290 மில்லிமீட்டர் நீளம், வெள்ளை ஹல், "சர்டிபிகேட் உண்டு" என்று எழுதியிருக்கிறான். படத்தில் தெரியும் சுவரும் தரைவிரிப்பும் என் படகின் படங்களில் இருந்தவையே. யாராவது அதைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தால், பணம் போடும் முன்னால் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். அவன் முகவரி கொடுத்தால் அதையும் அனுப்புங்கள்.