காரணிக் கணிப்பானுக்கு ஒரு 21 இலக்கச் சோதனை

அர்ஜென்டினாவைச் சேர்ந்த தாரியோ அல்பெர்ன் உருவாக்கி, யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும்படி இணையத்தில் வைத்திருக்கும் முழு எண் காரணிக் கணிப்பானைச் சோதித்துப் பார்க்க, எனக்கு மிகவும் பிடித்த ஓர் எண்ணையே எடுத்துக்கொண்டேன்: 147573952589676412927. 2-இன் 67ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் இந்த எண்ணைப் பகா எண் என்று 1644இல் பிரெஞ்சுத் துறவியும் கணிதவியலாளருமான மெர்சென் தம் பட்டியலில் சேர்த்திருந்தார். அது பகு எண்ணே என்று 1876இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா நிறுவினார். ஆனால் அவருடைய முறை காரணிகளைக் காட்டித் தராது. அவற்றைக் கண்டுபிடித்து, 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் முன்வைத்தவர் ஃபிராங்க் நெல்சன் கோல்.

சாதாரணக் கைபேசிக் கணிப்பான் இந்த எண்ணை 10-இன் அடுக்காகச் சுருக்கிக் கடைசி இலக்கங்களை விழுங்கிவிடும். எண் கோட்பாட்டில் உயிரே கடைசி இலக்கத்தில்தான் இருக்கிறது. இங்கோ 2^67-1 என்று எழுதினாலே போதும், ஓர் இலக்கமும் குறையாமல், 193707721 × 761838257287 என்ற விடை கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடுகிறது. இரண்டின் கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் தாளில் பெருக்கினேன்: 721 × 287 = 206927. மூல எண்ணின் முடிவிலும் அதே 927.

என்னை ஈர்த்தது வேகமன்று; காரணிகளுக்குக் கீழே அந்த எண்ணின் பிற பண்புகளும் அடுத்தடுத்து நிற்பதுதான். வகுத்திகள் 4. அவற்றின் கூடுதல் 147573953351708377936. ஆய்லர் சார்பின் மதிப்பு, அதாவது அந்த எண்ணைத் தாண்டாமல் அதனோடு சார்பகாவாக (1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாமல்) இருக்கும் எண்களின் எண்ணிக்கை, 147573951827644447920. தனித்தனியே பார்த்தால் ஒழுங்கே தெரியாத இந்த இரு நீண்ட எண்களையும் கூட்டினால், மிகச் சரியாக 2-இன் 68ஆம் அடுக்கு வருகிறது. வெவ்வேறான இரண்டு பகா எண்களின் பெருக்கற்பலன் எதுவாயினும், இக்கூடுதல் அந்த எண்ணோடு 1 சேர்த்ததன் இருமடங்காகவே அமையும் என்பதை இரண்டு வரியில் நிறுவிவிடலாம். ஆனாலும் அதை இலக்கம் இலக்கமாகக் கண்ணால் கண்டபோது மனம் நிறைந்தது.

கணிப்பான் இந்த எண்ணை நான்கு வர்க்கங்களின் கூடுதலாகவும் எழுதிக் காட்டுகிறது. மூன்று ஏன் போதாது என்பதற்கான காரணம், 8-ஆல் வகுத்தால் மீதி 7 வருகிறது என்பதே. அத்தகைய எண் எதையும் மூன்று வர்க்கங்களால் ஆக்க முடியாது. இதுபோன்ற காரணங்களைத் தெரிந்துகொண்டு வருபவருக்கே கருவியின் முழுப் பயனும் கிடைக்கும்.

கணக்கு முழுவதும் நம் கணினியிலேயே நடப்பதால், இலக்கங்கள் நூறை நெருங்கினால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரலாம். மாணவர்களுக்கு 2047-ஐ, அதாவது 2^11-1-ஐ, தொடக்கமாகத் தருவேன். 23 × 89 என்பதை முதலில் கையால் கண்டுபிடிக்கட்டும். இரண்டு காரணிகளும் 11-ஆல் வகுத்தால் மீதி 1 தருவதைக் கவனிக்கட்டும். பிறகு கோலின் இரு காரணிகளையும் 67-ஆல் வகுத்துப் பார்க்கட்டும்.