திருவல்லிக்கேணி லாட்ஜில் தங்கினால் மலிவாகச் சாப்பிட எந்த வழி?

ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கோ கோஷா ஆஸ்பத்திரிக்கோ சிகிச்சைக்கு வருபவர்களும், அவர்களுக்குத் துணையாக வருபவர்களும், போட்டித் தேர்வுகளுக்குப் படிக்க வருபவர்களும் சென்னையில் குறைந்த வாடகைக்கு அறை தேடினால் பெரும்பாலும் திருவல்லிக்கேணி மேன்ஷன்களுக்கும் லாட்ஜுகளுக்கும்தான் வந்து சேர்கிறார்கள். அந்த அறைகளில் கட்டிலும் மின்விசிறியும் இருக்குமே தவிர, சமைக்க இடம் இருக்காது. ஆகவே வாடகையில் மிச்சமாகும் பணம் சாப்பாட்டில் கரைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே தங்குபவரின் முதல் கவலையாகிறது. இதற்கு எந்த ஒரு வழியையும் மூன்று வேளைக்கும் நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் ஒவ்வொரு வழியும் ஒரு வேளைக்குத்தான் உண்மையில் சரிப்பட்டு வரும்.

விலையை மட்டும் பார்த்தால் அம்மா உணவகத்துக்குப் போட்டியே கிடையாது. 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி தொடங்கிய இந்த உணவகங்களில் இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், மாலையில் பருப்புக் கடைசலுடன் இரண்டு சப்பாத்தி 3 ரூபாய். காலையில் நான்கு இட்லி, மதியம் ஒரு சாம்பார் சாதமும் ஒரு தயிர் சாதமும், இரவுக்கு நான்கு சப்பாத்தி என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு 18 ரூபாய்தான் ஆகிறது, அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் விலை. மகளிர் சுய உதவிக் குழுவினர் அன்றன்று சமைத்துச் சூடாகப் பரிமாறும் இந்த உணவைத் தரக்குறைவானது என்று ஒதுக்குவது நியாயமே இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. காலை 7 முதல் 10 வரை, மதியம் 12 முதல் 3 வரை என்ற நேரக்கட்டுக்குள் போய் நின்றபடி சாப்பிட்டாக வேண்டும் என்பதால், புறநோயாளிகள் பிரிவின் வரிசையில் மாட்டிக்கொண்டவருக்கு மதியச் சாப்பாடு எளிதில் தவறிவிடும். காய்கறி என்று சொல்ல சாம்பாரில் கிடப்பதைத் தவிர வேறில்லை என்பதால், ஒரு வாரத்துக்கு மேல் தங்குபவர் ஜாம் பஜார் சந்தையில் கொஞ்சம் பழமும் வெள்ளரிக்காயும் வாங்கி வைத்துக்கொள்வது அவசியம்.

மெஸ் விலை அதிகம்தான், ஆனால் மதிய வேளைக்கு அந்த விலை தகும். அக்பர் சாகிப் தெருவில் உள்ள காசி விநாயகா மெஸ் போன்ற இடங்களில் டோக்கன் வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு காத்திருக்கப் பொறுமை இருந்தால், சோறு, சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், மோர் என்று ஒரு முழு உணவு கிடைக்கிறது. அதே பணத்துக்கு நடுத்தர ஓட்டலில் இரண்டு தோசையும் ஒரு காபியும் சாப்பிட்டால் மூன்று மணி நேரத்தில் மறுபடியும் பசிக்கும். இரண்டு பேர் தங்கியிருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. பல மெஸ்களில் ஒரு பார்சல் சாப்பாட்டுக்குக் கட்டித் தரும் சோறு மிதமாகச் சாப்பிடும் இருவருக்குப் போதும், கூடுதலாக ஒரு பொரியலோ ஆம்லெட்டோ வாங்கிக்கொண்டால் நிறைவாக இருக்கும். ஆனால் அந்தப் பார்சலில் மிஞ்சியதை இரவுக்கு வைத்துக்கொள்ளும் பழக்கத்தை அறவே விட வேண்டும். குளிர்பதனப் பெட்டி இல்லாத அறையில், சென்னை வெக்கையில், தேங்காய்ச் சட்னியும் கூட்டும் மாலைக்குள் கெட்டுவிடும். வெளியில் கிடந்த சோற்றில் பெருகும் கிருமி விடும் நஞ்சோ திரும்பச் சூடாக்கினாலும் முழுதாகப் போவதில்லை. ஐம்பது ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் மருந்துக்குச் செலவு செய்வதில் என்ன லாபம்?

இரவுக்குக் கையேந்தி பவன்கள் கைகொடுக்கும். கல்லிலிருந்து எடுத்த தோசை, ஆவி பறக்கும் இட்லி, அப்போதே உடைத்து ஊற்றிய முட்டை ஆகியவற்றில் பெரிதாக அஞ்ச ஒன்றுமில்லை. கவனம் தேவைப்படுவது சட்னி வாளியிலும், தட்டு கழுவும் தண்ணீரிலும், திரும்பத் திரும்பக் காய்ந்து கறுத்த எண்ணெயிலும்தான். கூட்டம் நிற்கும் வண்டியில் பண்டம் தேங்குவதில்லை என்பதால் அங்கேயே சாப்பிடலாம்.

அறையிலேயே சமைப்பதுதான் மலிவு என்று நினைத்து மின்சாரக் கெட்டிலையும் சின்ன ரைஸ் குக்கரையும் பையில் போட்டுக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். சமைப்பதற்குப் பெரும்பாலான லாட்ஜுகளில் அனுமதி இல்லை, அந்தத் தடைக்குத் தக்க காரணமும் இருக்கிறது. அறைச் சுவரில் இருக்கும் சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 1,380 வாட் வரைதான் தாங்கும். கடைகளில் கிடைக்கும் ஒன்றரை லிட்டர் கெட்டில்களில் பல 1,500 வாட் ஆகையால், பழைய வயரிங் உள்ள கட்டடத்தில் பிளக் சூடேறி உருகுவது நடக்கக்கூடியதே. ஒரே தளத்தில் பலர் தூங்கும் கட்டடத்தில் அது ஒருவருடைய ஆபத்தாக நிற்காது. வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் கம்பியைப் பற்றிப் பேசவே வேண்டாம். நிர்வாகம் அனுமதித்தால் 600 வாட் அளவிலான சிறிய பயணக் கெட்டில் ஒன்று போதுமானது, அதில் வெந்நீர் வைக்கலாம், முட்டை அவிக்கலாம், ஓட்ஸுக்கோ கஞ்சி மாவுக்கோ தண்ணீர் கொதிக்கவைத்துத் தனிப் பாத்திரத்தில் கலக்கலாம். பாலை அதில் நேரடியாகக் காய்ச்சினால் அடிப்பிடித்துக் கெட்டில் வீணாகும். அனுமதி கிடைக்காவிட்டாலும் அடுப்பே வேண்டாத உணவு நம்மிடம் உண்டு. பத்து நிமிடம் ஊறவைத்த அவலில் அப்போது வாங்கிய ஆவின் தயிரை ஊற்றி, உப்பும் ஒரு பச்சை மிளகாயும் சேர்த்தால் இரவு உணவு முடிந்தது. காலையில் ஊறப்போட்ட வேர்க்கடலையும் இரண்டு வாழைப்பழமும் பக்கத்தில் இருந்தால் பெரிய குறை தெரியாது.

கைப்பேசிச் செயலி வழியாக வரவழைப்பதை மலிவு என்ற தலைப்பில் சேர்க்கவே கூடாது. உணவு விலைக்கு மேல் பேக்கிங், டெலிவரி, செயலிக் கட்டணம், வரி என்று ஏறும்போது, ஒருவர் சாப்பாட்டின் தொகை நடந்து போய் வாங்குவதைவிட எங்கோ போய் நிற்கிறது.

சாப்பாட்டைக் கணக்குப் போடுபவர்களில் பலர் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். ஒருவருக்கு நாளுக்கு மூன்று லிட்டர் என்றால், பாட்டில் பாட்டிலாக வாங்குபவர் அம்மா உணவகத்தின் ஒரு நாள் சாப்பாட்டைப் போல மூன்று மடங்கைத் தண்ணீருக்கே கொடுக்கிறார். முன்பணம் கட்டி 20 லிட்டர் கேன் ஒன்றை அறையில் இறக்கிவிட்டால் ஏறக்குறைய ஒரு வாரம் ஓடும், செலவும் இரண்டு மூன்று பாட்டில்களுக்குள் அடங்கும். வாடகை பேசும்போதே மாடிக்குக் கேன் கொண்டுவந்து போடுவார்களா என்று கேட்டுவிடுவது நல்லது.

தேர்வுக்கு வந்த இளைஞருக்குக் காலை அம்மா உணவகம், மதியம் மெஸ், இரவு அவலும் தயிரும் என்ற கலவையைத் தயங்காமல் சொல்வேன். அறுவை சிகிச்சை முடிந்து அறையில் படுத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கையேந்தி பவனைத் தவிர்த்து, உப்பும் காரமும் குறைத்துச் சமைத்துத் தரச் சம்மதிக்கும் ஒரு மெஸ்ஸில் முன்கூட்டியே சொல்லி வைத்து, வேளாவேளைக்கு டிபன் கேரியரில் சூடாக வாங்கி வர வேண்டும். அதற்கு ஆகும் கூடுதல் செலவைத் துணைக்கு இருப்பவர் தம் வேளைகளில் அம்மா உணவகத்துக்குப் போய் ஈடுகட்டிக்கொள்ளலாம்.